பழைய வழக்கறிஞரைக் குறை கூறி மேல்முறையீடு செய்வதற்கு முன்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறச் சிறுநகரில் ஒருவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டால், அவரைச் சிறைச்சாலை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே செய்தி தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்து சேர்ந்துவிடும். மறுநாள் காலைச் சாப்பாட்டுக் கடையில் "லாயர் சரியில்லை" என்ற தீர்ப்பும் சொல்லப்பட்டுவிடும். ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தில் நெடுங்காலமாகக் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு, இந்தக் குறையோடு வரும் குடும்பங்களைப் பார்ப்பது புதிதன்று. அவர்கள் சொல்வதில் பெரும்பாலும் ஏதோ ஓர் உண்மை இருக்கும். ஆனால் அந்த உண்மை மேல்முறையீட்டு நீதிபதியின் மேசைக்குப் போகக்கூடிய வடிவத்தில் இருப்பது அரிது. அதை எப்படி அந்த வடிவத்துக்குக் கொண்டுவருவது என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன். இது பொதுவான வழிகாட்டி; உங்கள் வழக்குக் கோப்பைப் படித்த வழக்கறிஞரின் ஆலோசனைக்கு இது ஈடாகாது.

முதலில் நாள் கணக்கு

வழக்கறிஞர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சை ஒரு பக்கம் வைத்துவிட்டு, தீர்ப்பு வந்த தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றமோ செஷன்ஸ் நீதிமன்றமோ தீர்ப்பளித்திருந்தால், அன்றிலிருந்து 14 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்துக்கான மேல்முறையீட்டு அறிவிப்பை, அதாவது எல்லாரும் 'நோட்டிஸ் ராயுவான்' என்று சொல்லும் தாளை, தீர்ப்பளித்த நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்ய வேண்டும். உயர் நீதிமன்றம் விசாரித்த வழக்காக இருந்தால், அதற்கு மேலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போவதற்கும் அதே 14 நாட்கள்தான். அந்தத் தாளில் காரணங்களை விளக்க வேண்டிய தேவை இல்லை. தீர்ப்பில் திருப்தி இல்லை, மேல்முறையீடு செய்கிறோம் என்பதே அதன் சாரம். எனவே புதிய வழக்கறிஞர் கிடைக்கும் வரை காத்திருந்து நாளைத் தவறவிடுவதில் எந்தப் பொருளும் இல்லை. பழைய வழக்கறிஞர் மீது எவ்வளவு கோபம் இருந்தாலும், அந்த ஒரு தாளை மட்டும் தாக்கல் செய்து தருமாறு அவரிடமே கேட்கலாம்; பெரும்பாலானோர் மறுக்க மாட்டார்கள். தண்டனை பெற்றவர் சிறையில் இருந்தால், அந்தக் காலக்கெடுவுக்குள் தாம் மேல்முறையீடு செய்ய விரும்புவதைச் சிறைப் பொறுப்பதிகாரியிடம் வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ தெரிவித்தாலும் சட்டம் அதை ஏற்றுக்கொள்கிறது. இந்த வழி இருப்பது தெரியாமலேயே நாளைக் கடத்தியவர்கள் பலர். நாள் தவறிவிட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 310ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். ஆனால் தாமதத்துக்கான காரணத்தை நம்பும்படி சொல்ல வேண்டும்.

மேல்முறையீடு செய்ததாலேயே தண்டனை நின்றுவிடாது. நிறுத்தி வைக்கவும் ஜாமீனில் விடவும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தீர்ப்பு வாசிக்கப்பட்ட அன்றே, அதே நீதிமன்றத்தில் வழக்கறிஞர் அதைக் கேட்பதுதான் வழக்கம்.

குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களின் நிலை வேறு. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலோ செஷன்ஸ் நீதிமன்றத்திலோ குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், 305ஆவது பிரிவின்படி, தண்டனையின் அளவையும் அது சட்டப்படி செல்லுமா என்பதையும் மட்டுமே எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியும். "ஃபைன்தான் வரும், ஒப்புக்கொள் என்று லாயர் சொன்னார்" என்பது அந்த மேல்முறையீட்டில் எடுபடாது. ஒப்புதலின் பொருளும் விளைவும் அவருக்குப் புரியவில்லை, அல்லது ஒப்புக்கொண்டதாகச் சொல்லிவிட்டு உண்மை விவரங்களை மறுத்தார் என்பது குறிப்புகளில் தெரிந்தால், உயர் நீதிமன்றத்திடம் மறுஆய்வு கோரும் வழி இருக்கிறது. அங்கும் பார்க்கப்படுவது நீதிமன்றப் பதிவுதான்.

முடிவு வேறு, தவறு வேறு

விசாரணையில் ஒரு வழக்கறிஞர் எடுக்கும் முடிவுகளில் பல, தோற்றபின் திரும்பிப் பார்த்தால் தவறாகத் தெரியும். பழைய குற்றப்பதிவு உள்ள நண்பனைச் சாட்சியாக அழைக்காமல் விடுவது, பாதிக்கப்பட்ட பெண்ணை அதிகம் குறுக்கு விசாரணை செய்து நீதிபதியின் இரக்கத்தை அவர் பக்கம் திருப்ப வேண்டாம் என்று சில கேள்விகளோடு நிறுத்துவது, பலவீனமான மூன்று வாதங்களை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது போன்றவற்றுக்குக் காரணம் சொல்ல முடியும். காரணம் சொல்லக்கூடிய முடிவில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தலையிடாது. இன்னொரு வழக்கறிஞர் வேறு விதமாகச் செய்திருப்பார் என்பது போதாது. நாட்டின் உச்ச நீதிமன்றமான நம் கூட்டரசு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கும் அளவுகோல், அப்பட்டமான திறமையின்மை என்பதாகும். அந்தத் திறமையின்மையால் நியாயமான விசாரணையே கிடைக்காமல் போயிற்று என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். இங்கிலாந்தில் 1993ஆம் ஆண்டு தீர்க்கப்பட்ட ஒரு வழக்கு இதற்கு நல்ல விளக்கம். பாதிக்கப்பட்டவர் சொன்ன அங்க அடையாளங்கள் குற்றஞ்சாட்டப்பட்டவரோடு ஒத்துப்போகவில்லை. அப்படியிருந்தும் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டாம் என்று வழக்கறிஞர் விட்டுவிட்டார். அறிவுக்குப் பொருந்தாத அந்த முடிவால் கிடைத்த தண்டனை நிலைக்காது என்று அங்கே முடிவாயிற்று.

நான் பார்த்தவற்றில் சட்டத்தின் கண்ணில் எடையுள்ளவை மூன்று வகை.

முதலாவது, இடமின்மைச் சாட்சியம், அதாவது சம்பவ நேரத்தில் வேறோர் இடத்தில் இருந்ததாகச் சொல்லும் தற்காப்பு. இதை முன்வைப்பதற்கு அரசு தரப்புக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 402ஏ பிரிவு சொல்கிறது. கட்சிக்காரர் தெளிவாகச் சொல்லியும் வழக்கறிஞர் அந்த அறிவிப்பை அனுப்பவில்லை என்றால், அதற்கு உத்திக் காரணம் சொல்வது கடினம்.

இரண்டாவது, நம் தரப்புக் கதையை அரசு தரப்புச் சாட்சிகளிடம் கேள்வியாக வைக்காமல் விடுவது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்குகள் சத்தமில்லாமல் சாவது இங்கேதான். புகார் செய்தவர் கூண்டில் நிற்கும்போது "அன்றிரவு என் கட்சிக்காரர் அங்கே இல்லை, நீங்கள் பார்த்தது அவருடைய தம்பியை" என்று வழக்கறிஞர் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டுவிட்டு, தற்காப்பு வாதத்தின்போது முதன்முறையாக அதைக் கட்சிக்காரர் சொன்னால், பின்னால் யோசித்துக் கட்டிய கதை என்று நீதிபதி தள்ளிவிடுவார். தீர்ப்புக்கான காரணங்கள் கைக்குக் கிடைத்தவுடன் 'பெமிகிரான் தெர்கெமுடியான்' என்ற மலாய்ச் சொற்களைத் தேடுங்கள். பின்யோசனை என்று பொருள். அந்தச் சொற்கள் இருந்து, அதே கதையை உங்கள் ஆள் முதல் நாளிலிருந்தே வழக்கறிஞரிடம் சொல்லியிருந்தார் என்பதற்கு வாட்ஸ்அப் செய்தியோ கடிதமோ இருந்தால், உங்கள் மேல்முறையீட்டுக்கு ஒரு முதுகெலும்பு கிடைத்துவிட்டது.

மூன்றாவது, கூண்டில் ஏறுவதா வேண்டாமா என்ற முடிவு. அரசு தரப்பு முதல்நோக்கு வழக்கை, அதாவது மறுப்பு வராவிட்டால் தண்டிக்கப் போதுமான வழக்கை, நிரூபித்துவிட்டதாக நீதிமன்றம் முடிவு செய்து தற்காப்பு வாதம் புரிய அழைத்தால், குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மூன்று வழிகள் உண்டு: சத்தியம் செய்து சாட்சிக் கூண்டிலிருந்து பேசுவது, குற்றவாளிக் கூண்டில் நின்றபடி சத்தியம் செய்யாமல் பேசுவது, அல்லது மௌனமாக இருப்பது. இரண்டாவதைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அதனாலேயே அதற்கு எடை குறைவு. மூன்றாவதைத் தேர்ந்தால் தண்டனை ஏறக்குறைய உறுதி. "லாயர் என்னைப் பேச விடவில்லை" என்று சொல்வதற்கு முன், விசாரணைக் குறிப்புகளின் அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும். நீதிபதி மூன்று வழிகளையும் விளக்கினார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார், குற்றஞ்சாட்டப்பட்டவர் புரிந்துகொண்டு தாமே தேர்ந்தெடுத்தார் என்று அங்கே எழுதியிருந்தால், அந்தக் குறை அநேகமாக அதோடு முடிந்தது. மொழிபெயர்ப்பு நடந்ததாகவே பதிவு இல்லையென்றால் பேச்சு வேறு.

வழக்கறிஞர் தாமதமாக வந்தார், நீதிபதியிடம் பணிந்து பேசினார், டிபிபியோடு, அதாவது அரசு தரப்பு வழக்கறிஞரோடு, சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார் என்பவற்றை மேல்முறையீட்டு மனுவில் எழுத வேண்டாம். அரசு தரப்பு வழக்கறிஞரோடு சிரிக்காத வழக்கறிஞர் நாட்டிலேயே இல்லை.

காகிதங்களைச் சேர்ப்பது

மேல்முறையீடு நடப்பது 'ரெக்கோட் ராயுவான்' எனப்படும் மேல்முறையீட்டுப் பதிவேட்டின் மேல்தான். அதில் குற்றச்சாட்டு, விசாரணைக் குறிப்புகள், சாட்சிப் பொருள்கள், நீதிபதியின் தீர்ப்புக் காரணங்கள் எல்லாம் இருக்கும். மேல்முறையீட்டு நீதிபதி சாட்சிகளை நேரில் பார்ப்பதில்லை. பதிவேட்டில் இல்லாத ஒன்றை அவர் அறிய வேண்டுமானால், அதற்கென்று தனி விண்ணப்பம் வேண்டும். வழக்கறிஞரின் தவறு என்பது இயல்பாகவே பதிவேட்டுக்கு வெளியே இருக்கும் விஷயம். அலுவலக அறையில் என்ன பேசினார்கள் என்பது எந்தக் குறிப்பிலும் இராது. இந்தச் சிக்கலைப் பலர் கடைசி நாளில்தான் கண்டுகொள்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். தோட்டத்து இளைஞர் ஒருவர் மீது பாராங் கத்தியால் வெட்டியதாகக் குற்றச்சாட்டு, தண்டனைச் சட்டத்தின் 326ஆவது பிரிவு, செஷன்ஸ் நீதிமன்றம். அன்றிரவு அவர் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்ச் கார்டு இருக்கிறது, ஷிஃப்ட் சூப்பர்வைசர் இருக்கிறார். கைது செய்யப்பட்ட மூன்றாம் நாளே அவருடைய அக்காள் வழக்கறிஞருக்கு வாட்ஸ்அப்பில் "சார், தம்பி அன்னிக்கு நைட் ஷிஃப்ட், பஞ்ச் கார்டு எடுத்துத் தரவா?" என்று கேட்டிருக்கிறார், இரண்டு நீல நிற டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை. அறிவிப்பும் அனுப்பப்படவில்லை, சூப்பர்வைசரும் அழைக்கப்படவில்லை.

இங்கே புதிய சான்றை மேல்முறையீட்டில் சேர்க்க, உயர் நீதிமன்றத்தில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 317ஆவது பிரிவும், மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிமன்றங்கள் சட்டத்தின் 61ஆவது பிரிவும் இடம் தருகின்றன. ஆனால் நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்வி, இந்தச் சான்று விசாரணையின்போதே கிடைத்திருக்குமே, ஏன் கொண்டுவரவில்லை என்பதுதான். பஞ்ச் கார்டு அன்றும் இருந்தது. எனவே புதிய சான்று என்ற வாதம் தனியாக நின்றால் விழுந்துவிடும். கொண்டுவராததற்குக் காரணம் கட்சிக்காரரின் அசட்டை அன்று, சொல்லியும் வழக்கறிஞர் செய்யவில்லை என்ற இரண்டாவது வாதம் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதேபோல, சான்று இல்லாமல் வழக்கறிஞரை மட்டும் குறை சொன்னால், அவர் அழைத்திருந்தால் என்ன மாறியிருக்கும் என்ற கேள்விக்குப் பதில் இராது. இரண்டும் ஒன்றாகவே போக வேண்டும். என் அனுபவத்தில் இந்த வகை மேல்முறையீட்டின் உயிர்நாடி இதுதான்.

ஆகவே அக்காளின் அஃபிடவிட், அதாவது சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலம், ஒன்று, சூப்பர்வைசரின் அஃபிடவிட் ஒன்று, இளைஞரின் அஃபிடவிட் ஒன்று என மூன்று தேவைப்படும். பஞ்ச் கார்டு கணினியிலிருந்து எடுத்த பதிவாக இருந்தால், சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவின்படி அந்தக் கணினிக்குப் பொறுப்பானவரின் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியைப் படம் பிடித்து அச்சிட்டால் மட்டும் போதாது. அந்தக் கைப்பேசியையே பத்திரமாக வைத்திருங்கள், புதிய கைப்பேசி வாங்கினாலும் பழையதைக் கடையில் கொடுத்துவிடாதீர்கள். அஃபிடவிட் மலாய் மொழியில் இருக்கும். கொடுப்பவருக்கு மலாய் சரளமாக வராது என்றால், அதைத் தமிழில் விளக்கி அவர் புரிந்துகொண்டார் என்ற குறிப்பைச் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் சேர்க்கச் சொல்லுங்கள். சிறையில் இருப்பவரின் அஃபிடவிட்டுக்குச் சிறைக்குள்ளேயே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். அதற்கு ஆகும் நாட்களை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

அஃபிடவிட்டில் "வழக்கறிஞர் ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதுவதற்குப் பதிலாக, எந்தத் தேதியில், எங்கே, யார் உடனிருக்க, என்ன சொன்னோம், அவர் என்ன பதில் சொன்னார் என்று எழுதுங்கள். சொல்லாததைச் சொன்னதாக எழுதக் கூடாது. ஒரு தாயார் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, "தம்பி, அந்த லாயருகிட்ட நான் பத்துத் தடவ சொன்னேன்" என்றார். கைப்பேசியின் அழைப்புப் பட்டியலைப் பார்த்தபோது இரண்டு அழைப்புகளே இருந்தன. இரண்டு என்றே எழுதினோம். அரசு தரப்பு அவரைக் குறுக்கு விசாரணை செய்யக் கேட்கலாம் என்பதை நினைவில் வைத்தால், இரண்டு என்ற எண்ணின் மதிப்புப் புரியும்.

பழைய வழக்கறிஞரை எதிர்கொள்வது

குற்றம் சாட்டப்படும் வழக்கறிஞருக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல், அவர் திறமையற்றவர் என்று எந்த நீதிமன்றமும் எளிதில் சொல்லாது. எனவே புதிய வழக்கறிஞர் குறைகளைத் தெளிவாக எழுதிப் பழையவருக்கு அனுப்பி விளக்கம் கேட்க வேண்டும். இங்கே ஒரு விலை உண்டு. சாட்சியச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி, கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் சொன்னதை அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வழக்கறிஞர் வெளியிட முடியாது. அவரைக் குறை சொல்லி, அவர் பதில் சொல்வதற்காக அந்தச் சம்மதத்தைக் கொடுத்துவிட்டால், உங்களுக்கு உதவாதவையும் வெளியே வரும். "ஷிஃப்டிலிருந்து நடுவில் வெளியே போனேன் என்று அவரே என்னிடம் சொன்னார், அதனால்தான் சூப்பர்வைசரை அழைக்கவில்லை" என்று பழைய வழக்கறிஞர் அஃபிடவிட் கொடுத்தால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். சிறையில் இருப்பவரிடம் புதிய வழக்கறிஞர் தனியாக, குடும்பத்தார் இல்லாத நேரத்தில், இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். வீட்டாரிடம் சொல்லாத ஒன்றை அவர் வழக்கறிஞரிடம் சொல்லியிருக்கக் கூடும்.

பழைய கோப்பைக் கேட்கும்போது மரியாதையாகக் கடிதம் மூலம் கேளுங்கள். கட்டணப் பாக்கி இருந்தால் அது தீரும் வரை கோப்பை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு; தவணையாகக் கட்டுவதாகவாவது ஒப்புக்கொண்டு பெற முயலலாம். அலுவலக வாசலில் நின்று சத்தம் போட்ட ஒரு குடும்பத்துக்குக் கோப்பு கிடைக்க எவ்வளவு இழுபறி ஆயிற்று என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அவர் மீது வழக்கறிஞர்கள் ஒழுங்கு வாரியத்தில் புகார் செய்யும் வழியை 1976ஆம் ஆண்டின் சட்டத்தொழில் சட்டம் தருகிறது. ஆனால் அந்தப் புகாரால் தண்டனை ரத்தாகாது. அது வேறு பாதை.

புதிய வழக்கறிஞரைத் தேடும்போது

விசாரணையை நடத்தியவரே மேல்முறையீட்டையும் நடத்தினால், தம்மையே குறை சொல்ல அவரால் முடியாது. எனவே இந்தக் காரணம் இருந்தால் ஆளை மாற்றியே ஆக வேண்டும். அதைச் சீக்கிரம் செய்ய வேண்டும். எஸ்ஆர்சி என்ற அரசு நிறுவனத்தின் பணம் தொடர்பான ஊழல் வழக்கில் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் கூட்டரசு நீதிமன்ற விசாரணைக்குச் சற்று முன்னர் வழக்கறிஞர்களை மாற்றினார். புதியவர்கள் தயாராவதற்குக் கேட்ட அவகாசம் மறுக்கப்பட்டது. 2022 ஆகஸ்ட் 23ஆம் தேதி தண்டனை உறுதி செய்யப்பட்டது. மறுஆய்வுக்குப் போனபோதும் 2023 மார்ச் 31ஆம் தேதி பெரும்பான்மை நீதிபதிகள் மறுத்துவிட்டனர். முன்னாள் பிரதமருக்கே கிடைக்காத ஒத்திவைப்பு தோட்டத்து இளைஞருக்குக் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

பணம் இல்லாதவர்கள் தேசிய சட்ட உதவி அறநிறுவனத்தையும், சட்ட உதவி இலாகாவையும், மாநில வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் அணுகலாம். பேராக்கில் இருப்பவர்களுக்கு ஈப்போதான் வசதி. போகும்போது குற்றச்சாட்டுத் தாள், தீர்ப்புத் தேதி, தாக்கல் செய்த மேல்முறையீட்டு அறிவிப்பின் நகல், குடும்ப வருமானச் சான்று ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். மரண தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களில், வசதியில்லாதவருக்கு நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கும்.

மனுவும் வாதமும்

தீர்ப்புக் காரணங்கள் கையில் வந்தபின் மேல்முறையீட்டு மனுவைத் தாக்கல் செய்ய இரண்டு வாரத்துக்கு மேல் கிடைக்காது. காலத்துக்குள் தாக்கல் செய்யாவிட்டால் மேல்முறையீட்டைக் கைவிட்டதாகவே கருதுவார்கள். மனுவில் எழுதாத காரணத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் பிறகு வாதிட முடியாது என்பதால், வழக்கறிஞரின் தவறு பற்றிய காரணத்தை மனுவிலேயே குறிப்பாக எழுத வேண்டும். அதை முதல் காரணமாக வைக்கக் கூடாது என்பது என் கருத்து. நீதிபதி சாட்சியத்தை மதிப்பிட்டதில் பிழை இருந்தால், அடையாள அணிவகுப்பில் குறை இருந்தால், அவை முன்னால் வரட்டும். வழக்கறிஞர் மீதான காரணம், அந்தப் பிழைகள் ஏன் விசாரணையில் சுட்டிக்காட்டப்படவில்லை என்பதை விளக்குவதாக அமைந்தால், நீதிபதி அதைக் காது கொடுத்துக் கேட்பார்.

நம் வாதம் சரியென்று பட்டாலும், நீதி பெருமளவு தவறிவிடவில்லை என்று கருதினால் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் பஞ்ச் கார்டு அன்று நீதிபதியின் முன் இருந்திருந்தால் எந்தச் சாட்சியின் எந்த வாக்கியம் விழுந்திருக்கும் என்று பக்க எண்ணோடு காட்டுங்கள். தண்டனையைக் கூட்டும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. அரசு தரப்பும் தன் பங்குக்கு மேல்முறையீடு செய்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. செஷன்ஸ் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்தோடு முடிந்துவிடும், கூட்டரசு நீதிமன்றம் வரை போகாது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தொடங்கியது என்றால், உயர் நீதிமன்றத்துக்குப் பிறகு மேலே போகவே அனுமதி வேண்டும். அதுவும் சட்டக் கேள்வியின் மேல் மட்டுமே.

வென்றால் உடனே விடுதலை என்று எண்ணிக்கொண்டு ஈப்போவுக்கு வேன் பிடித்து வரும் குடும்பங்களிடம் நான் முன்கூட்டியே சொல்லிவைப்பது ஒன்று உண்டு. வழக்கறிஞரின் தவறால் விசாரணை கெட்டது என்று நீதிமன்றம் ஏற்றால், பெரும்பாலும் அடுத்து வருவது மறுவிசாரணைக்கான உத்தரவுதான். அதே குற்றச்சாட்டு மறுபடி வாசிக்கப்படும், அதே புகார்தாரர் மறுபடி கூண்டில் ஏறுவார், ஜாமீன் மறுபடி பேசப்படும். ஆகவே அன்று காலை நீதிமன்றத்துக்குக் கிளம்பும்போது, ஜாமீனுக்கு நிற்கப்போகிறவர் தம் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் கையோடு எடுத்து வரட்டும். சூப்பர்வைசரின் இப்போதைய கைப்பேசி எண்ணும் இந்த முறை எழுத்து மூலம் புதிய வழக்கறிஞரின் கோப்புக்குள் போகட்டும்.